எழுத்துப் பக்கம்

மாரத்தஹள்ளிப் பாலத்தின் ஏற்றத்தில் ஆம்னி வேன் கத்தியதே தவிர ஏறவில்லை. பிரிஜெட் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க என்ஜின் சத்தம் மட்டும் கூடியது. வேகம் இருந்த இடத்திலேயே இருந்தது. பின்னால் வந்த கம்பெனி பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து கருகல் நாற்றம் கிளம்பியது. அடிப்பிடித்த சாம்பாரின் நாற்றம் அவளுக்குத் தெரியும். இது அதைவிடக் கெட்ட நாற்றம்.

வைட்ஃபீல்டில் மதியச் சாப்பாடு இறக்கிவிட்டுக் காலிப் பாத்திரங்களோடு திரும்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் சமைத்து, அங்கங்கே சின்ன ஆபீஸ்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். சமையலும் அவள்தான், டிரைவரும் அவள்தான். அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை முதல் வைட்ஃபீல்டிலேயே ஒரு பெரிய கம்பெனிக்குத் தினமும் சாப்பாடு கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தாள். அதற்காக எத்தனையோ முறை சாம்பிள் கொடுத்து, அந்த ஆபீஸ் அட்மின் ஷில்பாவின் நாக்குக்குப் பணிந்து நடந்து, கடைசியில் கிடைத்த ஆர்டர். முன்பு கொடுத்துக்கொண்டிருந்தவரை நேரத்துக்கு வராததால்தான் நிறுத்தினார்கள் என்று ஷில்பா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டு சொல்பவர்கள்தான் சொன்னபடி செய்வார்கள் என்பது பிரிஜெட்டின் அனுபவம். போதாததற்கு இந்த வண்டியின் நம்பரைக் கொடுத்துத்தான் கேட் பாஸ் வாங்கியிருந்தது. வேறு வண்டியில் அண்டாவோடு போய் நின்றால் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டான்.

ஈஜிபுராவில் தெருமுனை வரை வண்டி எப்படியோ வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எதிர்வீட்டு ரங்காவும் டீக்கடையில் நின்ற இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். ரங்காவுக்கு ஹாசன் பக்கம், கன்னடக்காரன். அவன் பொண்டாட்டி மமதாதான் பிரிஜெட்டுக்குச் சமையலில் ஒத்தாசை.

ஆம்ப்ரோஸ் ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பீன்யாவில் லேத் ஆபரேட்டர். விழுப்புரம் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர், கோயிலில் பாட்டுக் குழுவில் பாடிய பிரிஜெட்டைப் பார்த்தார். அப்புறம் ஊருக்குத் திரும்பிப் போகிற பேச்சே இல்லை. பிரிஜெட் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊர்தான்.

"என்னா ஆச்சு?" என்றார்.

"நான் சொன்னதுதான் ஆச்சு. கிளச்சு வழுக்குது, வழுக்குதுன்னு போன மாசமே சொன்னேன். கேட்டீங்களா?"

"கேட்டுக்கினுதான் இருந்தன்." குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். "பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங்கு. மூணும் இருக்குது."

"இது எப்ப வந்துச்சு?"

"ஜேசி ரோடு பக்கம் போனப்ப வாங்கினன். நாளைக்குக் காலையில பூசைக்குப் போய்ட்டு வந்து எறக்குறன். சாயந்திரம் வண்டி ரெடி."

"நீங்க எறக்குவீங்க."

"ஆமா."

"கியர்பாக்ஸை."

"ஆமான்றன்ல."

பிரிஜெட் இடுப்பில் கைவைத்து நின்றாள். "இதுக்கு முன்னே எத்தினி கிளச்சு மாத்தி இருக்கீங்க?"

"மொதல் ஆர்டர் எடுத்தியே, அதுக்கு முன்ன நீ எத்தினி ஆர்டர் எடுத்திருந்த?"

வாயடைத்துப் போகிற ஆள் இல்லை அவள். "அது சோறு. கொஞ்சம் குழைஞ்சா மோர் ஊத்திக்குவாங்க. இது குழைஞ்சா திங்கக்கிழமை என் பொழப்பு போயிரும். பாலத்துலருந்தே உத்தமனுக்கு போன் போட்டுட்டேன். இப்பவே கொண்டாந்து விட்டா நாளைக்கு லீவுன்னாலும் பசங்களை வரவெச்சு முடிச்சுத் தர்றேன்றான்."

உத்தமன் மெயின் ரோட்டில் கராஜ் வைத்திருப்பவன். அந்தப் பெயரைக் கேட்டாலே ஆம்ப்ரோஸுக்கு மூக்கு விடைக்கும்.

"உத்தமனா? போன தபா ஸ்டார்ட்டர் மோட்டாரு ரிப்பேருன்னு குடுத்தமே, திரும்பி வந்தது நம்ம மோட்டாரா? நம்முதுல நான் வெள்ளை பெயிண்ட்டுல சிலுவை போட்டு வச்சிருந்தன். வந்ததுல சிலுவை இல்லே."

"தொடைச்சிருப்பான். எண்ணெய் போட்டுத் தொடைச்சா சிலுவை இருக்குமா?"

"சிலுவையைத் தொடைக்கறவன்கிட்ட வண்டியை வுடச் சொல்றியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஆம்ப்ரோஸ் பெட்டிக்குள் கைவிட்டு இன்னொரு சாமானை எடுத்தார். வெள்ளை நைலான் கட்டையில் கடைந்த உருளை, ஒரு முனை மெல்லியதாக, நடுவில் தடித்து, பிடி போட்டு. பிளேட்டை மாட்டும்போது அது நடுவில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் தண்டு உள்ளே நுழையாது. அதற்கு இந்தக் கட்டை என்றார். மதியம் சாப்பிடுகிற நேரத்தில் தானே லேத்தில் போட்டுக் கடைந்ததாம். பிரிஜெட் கையில் வாங்கிப் பார்த்தாள். கோயில் மெழுகுவர்த்தித் தண்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

"நாளெல்லாம் ஊரான் வேலையை மைக்ரான் சுத்தமா செய்யறன்," என்றார் ஆம்ப்ரோஸ், குரலை இறக்கி. "என் வூட்டு வேலைன்னு வந்தா மட்டும் எனக்குக் கை வராதா?"

கேட்ட விதத்தில் கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

"சரி, செய்யுங்க. ஆனா நாளைக்கு சாயந்திரம் இந்த வண்டி ஓடல, அப்பறம் இதுல நீங்க ஸ்பானர் வெக்கக் கூடாது. இனிமே எதுன்னாலும் கராஜுதான். நான் சொன்ன இடம்தான்."

"வெக்கல," என்றார் ஆம்ப்ரோஸ்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வானம் சிணுங்கிக்கொண்டிருந்தது. பெய்தது என்றும் சொல்ல முடியாது, நின்றது என்றும் சொல்ல முடியாது. இந்த ஊர் மழைக்கு அதுதான் வழக்கம். பூசை முடிந்து வந்ததும் ஆம்ப்ரோஸ் ஜன்னல் கம்பியிலிருந்து ரங்கா வீட்டுப் பால்கனிக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, முன்பக்கத்தையும் தூக்கி, நாலு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, ஸ்டெப்னி டயரையும் அடியில் தள்ளினார். ஸ்டாண்டு நழுவினால் டயர் தாங்கும். பிரிஜெட் தன் பங்குக்கு அந்தோணியார் படம் போட்ட காலண்டர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள்.

தெரு குறுகலானது. வண்டி கால்வாசித் தெருவை அடைத்துக்கொண்டது. ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். போகிறபோது குனிந்து பார்த்து ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

முதலில் பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான தண்டைக் கழற்றினார். அது வெளியே வந்ததும் கியர் ஆயில் கொழகொழவென்று பழைய பேசினில் இறங்கியது. அப்புறம் கிளச் கேபிள், கியர் ராடு, அந்தச் சிலுவையில்லாத ஸ்டார்ட்டர் மோட்டார். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றியதும் அது இருந்த இடத்தை அட்டையில் படமாக வரைந்து, படத்திலேயே ஓட்டை போட்டு அதில் செருகி வைத்தார். மேல்பக்கத்து போல்ட் ஒன்று துருப்பிடித்து மசியவில்லை. டீசலை விட்டு ஊறவைத்து, தட்டி, கெஞ்சி, கெட்ட வார்த்தை சொல்லி, பூசைக்குப் போய்வந்த வாய் என்று ஞாபகம் வந்து நிறுத்தி, மறுபடி தட்டியதும் கிரீச்சென்று கொடுத்தது. கியர்பாக்ஸை இறக்க ரங்கா கைகொடுத்தான். வயிற்றின் மேல் கனமான பிள்ளையை வைத்துக்கொண்டு நகர்வதுபோல ஆம்ப்ரோஸ் அதோடு முதுகால் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

பழைய பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். ரிவிட் தலை தெரிகிற அளவுக்குத் தேய்ந்து, உடைந்து, இரண்டு துண்டாகக் கையோடு வந்தது. "பாரு, இதுலயா இத்தினி நாள் வைட்ஃபீல்டு போய்ட்டு வந்த?" என்று பிரிஜெட்டிடம் காட்டினார். அவளுக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவளும் மமதாவும் வாசல்படியில் உட்கார்ந்து நாளைக்கு வேண்டியதைச் செய்துகொண்டிருந்தார்கள். பீன்ஸ் ஒரு பேசின், சாம்பார் வெங்காயம் ஒரு முறம். மமதா பேச ஆரம்பித்தால் வெங்காயம் தானாக உரியும். தன் நாத்தனார் வீட்டு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் பேசுவது கன்னடத்தில்தான். ஆம்ப்ரோஸிடம் திரும்பினால் தமிழ். இந்தத் தெருவில் யாரும் இன்ன பாஷையில் பேசுகிறோம் என்று யோசித்துப் பேசுவதில்லை. வாயில் எது கிடக்கிறதோ அது வரும்.

வண்டிக்கு அடியிலிருந்து ஆம்ப்ரோஸின் கை நீண்டது. கையில் புதுப் பிளேட்.

"ப்ரிஜி, இந்தப் பக்கம் எழுத்து ஏதாச்சும் இருக்குதா பாரு. பொடி எழுத்தா இருக்கும். எழுத்து இருக்கற பக்கம்தான் என்ஜினைப் பாக்கணும். கண்ணாடி போட்டுப் படுத்தா நெத்திக்கு ஏறிக்குது."

அதே நேரத்தில் மமதா, சித்தப்பா பந்தியில் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதைக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள். பிரிஜெட் குனிந்து பார்த்து, "இல்லே," என்றாள். ஆம்ப்ரோஸின் கை பிளேட்டைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனது. சித்தப்பா எழுந்து போனது பாயசத்தில் முந்திரி இல்லாததால்தான் என்று மமதா முடித்தாள்.

மத்தியானம் சோறும் மாட்டுக்கறி வறுவலும். ஆம்ப்ரோஸின் கை முழங்கை வரை கருப்பு. கழுவினால் மறுபடி அரைநாள் போய்விடும் என்றார். பிரிஜெட் பிசைந்து உருண்டை பிடித்து வாயில் கொடுத்தாள். மமதா முந்தானையால் சிரிப்பைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"நல்லா ஊட்டு, நாளைக்குக் கெடைக்காது," என்றார் ஆம்ப்ரோஸ்.

"வண்டி ஓடட்டும், நாளைக்கும் ஊட்டறேன்."

எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது. நைலான் கட்டை பிளேட்டை நடுவில் நிறுத்தியது. ரங்கா ஒரு பக்கம் ஏந்த, கியர்பாக்ஸ் தண்டு ஒரே தள்ளலில் உள்ளே போய் உட்கார்ந்தது. மெக்கானிக்குகளே அரைமணி மல்லுக்கட்டுகிற வேலை அது. ஆம்ப்ரோஸ் அடியிலிருந்து, "பாத்தியா?" என்றார். அட்டையிலிருந்து போல்ட்டுகள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்குப் போயின. மிச்சம் என்று ஒன்றும் இல்லை. வண்டியைக் கீழே இறக்கி, கை கழுவி, தலை சீவிக்கொண்டு சாவியைப் போட்டார்.

என்ஜின் கிளம்பியது. கிளச்சை மிதித்து முதல் கியருக்குத் தள்ளினார். கர்ரென்று அரைத்தது. இன்னும் அழுத்தி மிதித்தார். அரைத்ததே ஒழிய விழவில்லை. கேபிளை இழுத்து வைத்துப் பார்த்தார், தளர்த்தி வைத்துப் பார்த்தார். என்ஜினை நிறுத்தினால் கியர் விழுந்தது. கியரில் போட்டு, கிளச்சை முழுசாக மிதித்துக்கொண்டே சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் பாய்ந்து, படியோரம் இருந்த பீன்ஸ் பேசின் மேல் ஏறி நின்றது. கிளச் விடுபடவே இல்லை.

மறுபடி அடியில் போய்ப் பார்த்தார். வெளியே வந்தார். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரிஜெட் நசுங்கிய பேசினை எடுத்து நிமிர்த்திக்கொண்டு அவர் பக்கம் பார்க்காமல் நின்றாள். திட்டுவதற்கு நிறைய இருந்தது, ஆனால் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்க்க வாய் வரவில்லை.

"எங்க தப்புன்னு தெரில ப்ரிஜி. எல்லாம் சரியாத்தான் போட்டன்." மறுபடி கருப்பான கையைப் பார்த்துக்கொண்டு, "உத்தமனுக்கு போன் போடு. நீ சொன்னதுதான் சரி. நான் கையை வெச்சிருக்கக் கூடாது," என்றார்.

பிரிஜெட் உள்பக்கம் திரும்பி, தன் போன் எங்கே என்று மமதாவிடம் கன்னடத்தில் கேட்டாள். "மமதா, நன்ன ஃபோன் எல்லி?"

மமதா சோற்று அண்டா மூடியைக் காட்டினாள். "இல்லே."

"இல்லேன்னா வுடு, என் போன்லருந்து போடு," என்று ஆம்ப்ரோஸ் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார்.

பிரிஜெட்டின் போன் மூடியின் மேலேயே இருந்தது. மமதா அதைத்தான் சொன்னாள். கன்னடத்தில் இல்லே என்றால் இங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். ஆம்ப்ரோஸின் காதில் அது விழுப்புரத்து இல்லேயாக விழுந்தது.

பிரிஜெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் குனிந்து பார்த்தபோது பிளேட்டில் எழுத்து இருந்தது. வெள்ளைப் பொடி எழுத்து. அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டு, மமதாவோடு பேசிக்கொண்டிருந்த வாயோடு, இங்கேயே இருக்கிறது என்று சொன்னாள். ஆம்ப்ரோஸ் அந்தப் பக்கம் எழுத்து இல்லை என்று எடுத்துக்கொண்டு பிளேட்டைத் திருப்பி மாட்டிவிட்டார். அவர் வேலையில் தப்பே இல்லை.

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததும் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு நல்ல எண்ணம் வரவில்லை. போன மாசத்திலிருந்து தான் சொன்னதைக் கேட்காமல் இருந்த மனுஷன், நீ சொன்னதுதான் சரி என்று இப்போதுதான் முதல்முறையாகச் சொல்லியிருக்கிறார். இதை இப்போது விட்டால் மறுபடி கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள் சேரும். உத்தமன் வருவான், கழற்றுவான், போடுவான், திங்கட்கிழமை நடக்கும். யார் சொன்னது யார் காதில் எப்படி விழுந்தது என்று யாருக்குத் தெரியப் போகிறது? மூடியின் மேலிருந்த போனை எடுத்து உத்தமனைக் கூப்பிட்டாள். இதோ வருகிறேன் என்றான்.

ஸ்கூட்டரில் வந்தான். எங்கேயோ ரிசப்ஷனுக்குக் கிளம்பியவன். சென்ட் வாசனையும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுமாக இறங்கினான். ரங்காவும் வந்து நின்றான், போகிற வருகிற இரண்டு பேரும் நின்றார்கள்.

"கிளச்சை மிதிச்சுக்கினே ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே," என்றான் உத்தமன். வண்டி துள்ளியது. "போதும், ஆஃப் பண்ணுங்க." அவன் அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பிளேட்டுல எழுத்து எந்தப் பக்கம் வெச்சீங்க?"

ஆம்ப்ரோஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது பிரிஜெட்டுக்குத் தெரிந்தது. பொடி எழுத்து அவள் கண்ணில் படவில்லை, தப்பாகச் சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார். அவள் பக்கம் திரும்புவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

"கண்ணாடி போடாம மாட்டிட்டன்பா," என்றார். "நான் சரியாப் பாக்கல."

"என்னாண்ணே, பீன்யாவுலயும் இப்பிடித்தான் கண்ணை மூடிக்கினு பீஸ் போடுவீங்களா? ரிஜெக்ட் ஆவாதா?"

ரங்கா சிரித்தான். நின்றவர்களும் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸும் கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பிரிஜெட்டால் தாங்க முடியவில்லை.

"அவரு இல்ல," என்றாள். "நான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"எழுத்து இருக்குதான்னு என்னைத்தான் கேட்டாரு. இருந்துச்சு, பாத்தேன். மமதாகூடப் பேசிக்கினு இருந்தேனா, இல்லேன்னுட்டேன். கன்னடத்துல சொல்லிட்டேன். அவரு தமிழ்ல கேட்டுக்கினாரு."

உத்தமனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஸ்கூட்டர் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "அக்கா, நானும் எத்தினியோ ஃபால்ட்டு பாத்திருக்கேன். வண்டிக்கு பாஷைக் கோளாறு வந்து இன்னிக்குத்தான் பாக்கறேன்." மமதா, "ஐயோ அக்கா," என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஆம்ப்ரோஸ் மட்டும் சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கிவந்து, "இங்க இருக்குதுன்னா சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா. போன் தேடறப்பவே தெரிஞ்சு போச்சு எனக்கு. சொல்லாம இருந்துட்டேன்."

உத்தமன்தான் பேச்சை மாற்றினான். பிளேட்டை ரொம்ப ஓட்டவில்லை என்பதால் கெட்டிருக்காது, திருப்பிப் போட்டால் போதும், ஆனால் இன்றைக்கு லீவு, பசங்கள் யாரும் இல்லை. காலையில் இழுத்துக்கொண்டுபோய் மத்தியானத்துக்கு மேல் தருகிறேன் என்றான். மத்தியானத்துக்கு மேல் என்றால் வைட்ஃபீல்டில் ஷில்பா சிரித்துக்கொண்டே வேறு ஆளுக்கு போன் போட்டிருப்பாள்.

"வேணாம்," என்றாள் பிரிஜெட். "அவரே கழட்டுவாரு."

உத்தமன் ஆம்ப்ரோஸைப் பார்த்தான். ஆம்ப்ரோஸ் ஏற்கனவே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "கராஜுல ட்ராலி ஜாக்கு இருக்குது, ரங்காவை அனுப்பி எடுத்துக்கோங்க. கியர்பாக்ஸை வயித்துல சொமக்க வேணாம்," என்று சாவியைக் கொடுத்துவிட்டு ரிசப்ஷனுக்குப் போனான்.

இரண்டாம் முறை கழற்றுவது சுளுவாக இருந்தது. எல்லா போல்ட்டும் அன்றைக்குத்தான் பழகியவை. பிரிஜெட் நைட்டியின் மேல் அவருடைய பழைய யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு, சாக்கு விரித்து, வண்டிக்கு அடியில் அவருக்குப் பக்கத்தில் படுத்தாள். டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமே. அடியிலிருந்து பார்த்தால் இந்த வண்டியில் இவ்வளவு சமாச்சாரம் இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது.

"அவனுங்க முன்னாடி அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்," என்றார் ஆம்ப்ரோஸ், ஸ்பானரைத் திருப்பிக்கொண்டே. "இனிமே தெருவே உன்னைக் கேலி பண்ணும். மமதா புருஷன் சும்மா இருக்க மாட்டான்."

"பண்ணட்டும். உங்களைப் பாத்து சிரிச்சானுங்களே, அது எனக்கு ஆவல. அதைக் கேட்டுக்கினு நான் நாளைக்குப் போயி சோறு பொங்க முடியாது."

"முன்னயே தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நான் சொன்னதுதான் சரின்னு நீங்க சொன்னீங்க. அது நல்லாருந்துச்சு. கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஆம்ப்ரோஸ் அடுத்த போல்ட்டுக்குப் போனார். ஆயில் சொட்டு ஒன்று அவர் கன்னத்தில் விழுந்தது; அவள் யூனிபாரக் கையால் துடைத்துவிட்டாள், இருந்ததைவிட அதிகமாகக் கருப்பானது.

"நான் பாக்கலன்னு நெனைச்சு நீங்க ஏன் உங்க மேல போட்டுக்கினீங்க?" என்றாள்.

"பின்ன என்னா, உன் மேல போடவா?" என்றார் அவர். "டார்ச்சை இப்பிடிக் காட்டு."

பிளேட் வெளியே வந்தது. உத்தமன் சொன்னது போலவே பெரிய சேதமில்லை. நடுப்பகுதியில் லேசாக உரசிய தடம் மட்டும். துடைத்து அவளிடம் கொடுத்தார். எழுத்து எந்தப் பக்கம் என்று கேட்க வந்தவர் நிறுத்திக்கொண்டார். பிரிஜெட்டும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய கட்டைவிரலைப் பிடித்து அந்தப் பொடி எழுத்தின் மேல் வைத்து அழுத்தினாள். அவர் அந்த விரலை எடுக்காமலே பிளேட்டை என்ஜின் பக்கம் திருப்பி வைத்தார். அப்புறம் நைலான் கட்டை, பிரஷர் பிளேட், ரங்கா, ட்ராலி ஜாக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே வண்டி தரையில் நின்றது. முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது, பின்கியரும் விழுந்தது. தெருமுனை வரை போய் வந்தார்கள். இருவருமே சந்தோஷப்பட முடியாத அளவுக்குக் களைத்திருந்தார்கள். பாலத்தில் ஏற்றினால்தான் நிஜம் தெரியும் என்றார் ஆம்ப்ரோஸ். அதை யோசித்துக்கொண்டே படுத்தார்.

திங்கட்கிழமை அவருக்குக் காலை ஷிப்ட். விடியும்போதே பீன்யாவுக்குப் போய்விட்டார். நசுங்கிப்போன பீன்ஸுக்குப் பதிலாக மமதா புதிதாக வாங்கி நறுக்கியிருந்தாள். சாம்பார், ரசம், இந்த ஊரில் பல்யா என்கிற பீன்ஸ் பொரியல், எலுமிச்சை சாதம், அப்பளம். பிரிஜெட் அண்டாக்களை ஏற்றிக் கயிறு கட்டிக் கிளம்பினாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் எடுக்கக் கூடாது என்பது அவர் கம்பெனிச் சட்டம். ஆகவே அன்று முழுக்க ஆம்ப்ரோஸுக்கு ஒன்றும் தெரியாது. டீ நேரத்தில் போனைக் கையில் எடுத்து, கூப்பிடாமலே பையில் போட்டுக்கொண்டார். ஒருவேளை பாலத்தில் நின்றிருந்தால்?

சாயந்திரம் வந்தபோது வண்டி வாசலில் நின்றது. பிரிஜெட் வாசல் குழாயில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆம்ப்ரோஸ் சாப்பாட்டுப் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"எப்பிடி இருந்துச்சு?"

"ரசம் நல்லாருந்துச்சாம். ரெண்டு தரம் வாங்கி ஊத்திக்கினாங்க. பல்யாவுல உப்பு கொஞ்சம் தூக்கல்னு ஷில்பா சொன்னாங்க. அப்பளம் பத்தல."

"நாளைக்கு வரச் சொன்னாங்களா?"

"தெனம் வரச் சொன்னாங்க. நாளைக்கு சப்பாத்தியும் வேணுமாம், மமதாவை சீக்கிரம் வரச் சொல்லணும்."

"சரி. நான் கிளச்சைக் கேட்டன்."

பிரிஜெட் தேய்ப்பதை நிறுத்தி யோசித்தாள். போனது, சிக்னலில் நின்றது, மாரத்தஹள்ளியில் டிராஃபிக் நகராமல் கிடந்தது, ரசம் சிந்திவிடுமோ என்று பயந்தது, கேட்டில் செக்யூரிட்டி பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எல்லாம் ஞாபகம் இருந்தது. பாலத்தில் ஏறியிருக்கத்தான் வேண்டும். எப்போது ஏறினாள் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"அதை மறந்தே போய்ட்டேங்க," என்றாள்.

அப்போதுதான் ஆம்ப்ரோஸ் பையைக் கீழே வைத்தார்.

"மறந்துட்டியா?" என்று இன்னொரு தரம் கேட்டார்.

"சத்தியமா. அது நெனைக்கவே வைக்கல."